கிச்சா தமிழ் படிக்கக் கிளம்பினார்

என் கணவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இத்தனை வருஷமாக நான் தங்குதடையில்லாமல் கதை எழுதி வந்ததற்கு முக்கியமான காரணம் அதுதான். கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வீட்டு மனிதர் படிக்கப் போகிறார் என்று தெரிந்துகொண்டே ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் அவர்களுக்கும் புரியும்.

அவர் பெயர் கிருஷ்ணஸ்வாமி. மைசூரில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் கிச்சா. நான் கூப்பிடுவது ‘ஏன்னா’ என்று. மனசுக்குள் எனக்கும் அவர் கிச்சாதான். மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். அவர் அப்பா காலத்திலேயே ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் யாதவகிரிக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம். கன்னடப் பேப்பரை இரங்கல் விளம்பரம் வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பார். உலகமே கன்னட எழுத்தை ஜிலேபி என்று கேலி செய்யும். இவருக்குத் தமிழ் எழுத்துதான் ஜிலேபி.

நான் ஸ்ரீரங்கத்துப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் அக்கம்பக்கத்தில் யாரோடும் பேச பாஷை போதவில்லை. பேச ஆளில்லாத வாய் சும்மா இருக்குமா? எழுத ஆரம்பித்தேன். வாரப் பத்திரிகைகளில் ஒன்று இரண்டாகக் கதைகள் வந்தன. பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிப்பது கிச்சாதான். கனகலக்ஷ்மி என்ற என் பெயரை அதன் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் படத்தை உற்றுப் பார்ப்பார்.

“இந்த மீசைக்காரன் யாரு?”

“கதாநாயகியோட ஆத்துக்காரன்.”

“நல்லவனா?”

“சுமார்.”

“ஹௌதா?” என்று கன்னடத்தில் ஒரு ‘அப்படியா’ போட்டுச் சிரித்துவிட்டு, பத்திரிகையைக் கசங்காமல் அலமாரியில் வைப்பார். வருஷம் முடிந்தால் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இருக்கும் பைண்டரிடம் கொண்டுபோய், காலிகோ அட்டை போட்டு வாங்கி வருவார். முதுகில் என் பெயரைக் கன்னடத்தில் பொறிக்கச் சொல்லியிருந்தார். அந்த மீசைக்காரன் தான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

ஆமாம், அவரைத்தான் எழுதினேன். வேறு யாரை எழுத? கண்ணெதிரே இருந்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். சேஷாத்ரி, வரதன், ரங்கநாதன் என்று பெயர் மட்டும் மாறும். கொத்தமல்லி வாங்கப் போய் தெருமுனையில் நின்று அரட்டையடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவன் வரதன். காப்பி சூடு என்று மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி ஊதுகிறவன் ரங்கநாதன். வாசகிகள் கடிதம் போடுவார்கள், உங்கள் வரதன் எங்கள் வீட்டிலும் இருக்கிறார் என்று. எனக்குப் பெருமையாக இருக்கும்.

சேஷாத்ரி விஷயம் வேறு. அது விளையாட்டு இல்லை.

எங்கள் பெண் பிரதிபா கைக்குழந்தையாக இருந்தபோது ஸ்ரீரங்கத்தில் என் அப்பாவுக்கு முடியாமல் போனது. எதிர்வீட்டு டெலிபோனில் தகவல் வந்தது, உடனே வா என்று. நான் ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு தயாராக நின்றேன். சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்தது. கிச்சா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தார், விஷயத்தைக் கேட்டார், சொன்னார்: “நாளைக்குப் பாஸ் எழுதி வாங்கிண்டு போலாம்.”

ரயில்வேக்காரர்கள் வீட்டில் வளராதவர்களுக்கு இது புரியாமல் போகலாம். அவர்களுக்குக் குடும்பத்தோடு போக வர இலவசப் பாஸ் உண்டு. ஆபீஸில் கிளார்க் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஆபீஸைப் பூட்டியாகிவிட்டது. மறுநாள் காலையில் எழுதி வாங்கி, மறுநாள் ரயிலில்தான் போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்துக் கதையாக எழுதினேன். அதில் சேஷாத்ரி நெய்யைச் சொட்டுக் கணக்கில் விடுகிற மகா கஞ்சன். மாமனார் சாகக் கிடக்கும்போது ஓசிப் பாஸுக்காக ஒருநாள் காத்திருக்கிறான். அவனுக்கு நான் பாவமே பார்க்கவில்லை. அந்தக் கதைக்கு முதல் பரிசு வந்தது. கிச்சா ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி ஒர்க்‌ஷாப் முழுக்கக் கொடுத்தார். என்ன கதை என்று கேட்டவர்களிடம், அவ அப்பாவைப் பத்தி எழுதியிருக்கா என்றாராம். நான் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எழுதியதில் எனக்கு வருத்தம் கிடையாது. அந்தக் கோபத்தை அடுப்படியில் வைத்திருந்தால் நாங்கள் சாப்பிட்ட சாப்பாடு ஒன்றும் உடம்பில் ஒட்டியிருக்காது. அச்சில் ஏற்றினேன், மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அவருக்குத் தெரியவும் இல்லை.

இப்படியே போயிருக்கும். கிச்சா ரிடையர் ஆனார்.

ரிடையரான ஆண்பிள்ளைகள் தோட்டம் போடுவார்கள், சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவார்கள், சாமுண்டி மலை ஏறுவார்கள். இவர் ஒருநாள் காலை டிபனுக்கு உட்கார்ந்துகொண்டே சொன்னார்: “நான் தமிழ் படிக்கக் கத்துக்கப் போறேன், கனகா. இத்தனை வருஷமா நீ எழுதினதை ஊரெல்லாம் படிச்சாச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி.”

எனக்குத் தோசை திருப்பியில் கை நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய பேச்சுதான். எந்தப் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு பாக்கியம் கிடைக்கும்? எனக்கு அலமாரியில் இருந்த சேஷாத்ரிதான் ஞாபகத்துக்கு வந்தான்.

பெங்களூரிலிருந்து பிரதிபா வந்து அப்பாவின் போனில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மனிதர் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். காலண்டரைப் படித்தார். ஊட்டி போகும் தமிழ்நாட்டு பஸ்ஸின் போர்டைப் படித்தார். சந்தேகம் வந்தால் அடுப்படிக்கே வந்துவிடுவார்.

“ஒரே எழுத்தை ஒரு இடத்துல ‘க’ங்கறே, இன்னொரு இடத்துல ‘ஹ’ங்கறே. கன்னடத்துல இந்தத் தொந்தரவே இல்லை. நாலு எழுத்து வெச்சா என்ன கொறைஞ்சு போச்சு உங்களுக்கு?”

“நான் வெக்கலை. வெச்சவாளைக் கேளுங்கோ.”

எழுத்துக் கூட்டுகிற அளவுக்கு வந்ததும் பைண்டு வால்யூமை எடுத்தார். எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்கவும் இல்லை. முதல் பரிசு வாங்கினதிலிருந்து ஆரம்பிப்பதுதான் மரியாதை என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார். ஒரு வரிக்கு ஒரு காப்பி நேரம் ஆகும். “சே... ஷா... த்ரி. ஹாங், சேஷாத்ரி! வா... ச... லி... ல்...” அடுப்படியில் நான் கரண்டியும் கையுமாக நிற்பேன். முதல் பக்கத்தில் சேஷாத்ரி வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருவதோடு சரி. நெய்ச் சொட்டு இரண்டாம் பக்கம். பாஸ் மூன்றாம் பக்கம். கதை புரிந்துவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எப்படி முகத்தைப் பார்த்துக்கொள்வது? வால்யூமை ஒருநாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தேன். அரிசி எடுக்க வந்த மனிதர், இது எப்படி இங்கே வந்தது என்று தூசு தட்டி எடுத்துக்கொண்டு போனார். புதுப் பத்திரிகையில் சமையல் குறிப்புப் பக்கத்தைப் படியுங்கள், வார்த்தைகள் சுலபமாக இருக்கும் என்றேன். உன் எழுத்தை விட்டுட்டு எவளோ எழுதின வத்தக்குழம்பை நான் ஏன் படிக்கணும் என்றார்.

இதற்கு நடுவில்தான் பொங்கல் மலருக்குக் கதை கேட்டுப் போன் வந்தது. ஆசிரியர் நல்ல மனிதர், பல வருஷப் பழக்கம். “மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள் அம்மா, உங்கள் கதை இல்லாமல் மலரா?” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் வரவில்லை.

வரவில்லை என்றால் வார்த்தை வராமல் இல்லை. வந்த வார்த்தையெல்லாம் கிச்சாவின் குரலில் வந்தது. ஒரு வரி எழுதினால், அதை அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பது காதில் கேட்டது. உடனே அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவேன். என் கதையில் வந்த கணவர்கள் எல்லோரும் உத்தமர்களாகிப் போனார்கள். ஒருத்தன் பெண்டாட்டிக்குக் கால் பிடித்துவிட்டான். இன்னொருத்தன் கொத்தமல்லியை மறக்காமல் வாங்கி வந்தான். படிக்க எனக்கே குமட்டியது. கணவனே இல்லாத கதை எழுதலாம் என்று ஒரு விதவையை வைத்து ஆரம்பித்தேன். கிச்சா மனசு சங்கடப்படுமே என்று அதையும் கிழித்தேன். கடைசியில் ஒரு பூனையைப் பற்றி எழுதினேன். அது ஒரு பக்கத்துக்கு மேல் நகர மாட்டேன் என்று படுத்துவிட்டது. பேனாவை மாற்றினேன், மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பினேன், பிரதிபாவின் பழைய லேப்டாப்பில் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு எழுத்து போய்விட்டது என்று நிஜமாகவே பயந்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

மார்கழியில் இந்த ஊருக்கே அவரைக்காய்ப் பைத்தியம் பிடிக்கும். தெருவெல்லாம் அந்த வாசனைதான். கிச்சா ஒரு சனிக்கிழமை மூட்டை மாதிரி வாங்கி வந்தார். உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். ஹிதுகு பேளே என்பார்கள். அதில் ஹுளி என்கிற இந்த ஊர் சாம்பார் வைத்தால் ருசிக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் பிதுக்கி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அதனால் எங்கள் வீட்டில் இது இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை. மத்தியான்னம் சாப்பாடானதும் கூடத்தில் பேப்பரை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். நடுவில் பெரிய தவலை.

“பொங்கலுக்கு என்ன எழுதறே?” என்று கேட்டார்.

“ஒண்ணும் வரலை.”

“வரலைன்னா?”

“வரலைன்னா வரலை. விடுங்கோ.”

அவர் விரலிலிருந்து ஒரு பருப்பு துள்ளி என் மடியில் விழுந்தது. எடுத்துத் தவலையில் போட்டேன்.

“எழுத வரலைன்னா சொல்லேன். நீ எழுதற ஸ்பீடுக்குப் படிக்கத்தான் எனக்கு வராது. காது நன்னாத்தானே இருக்கு?”

கதையைச் சொல்வதா? அந்த மாதிரி நான் செய்ததே இல்லை. எழுதி முடித்து, அச்சாகி வருகிற வரைக்கும் ஒருத்தரிடமும் மூச்சு விட மாட்டேன். ஆனால் மாதக் கடைசி நெருங்கிவிட்டது, பூனையும் படுத்துவிட்டது. எனக்கு வேறு வழி இல்லை.

“ஹூம் கொட்டணும்,” என்றேன். “கொட்டறதை நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.”

“அது தெரியாதா? பிரதிபாவுக்கு எத்தனை கதை சொல்லியிருக்கேன்.”

கை ஈரம். எழுதிக்கொள்ள முடியாது. போனில் ரெகார்டரைப் போட்டு ஒரு தம்ளரில் சாய்த்து வைத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். முதல் தடவையாகக் கச்சேரி செய்கிறவள் மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

“குண்டலுபேட்டையில ஒரு பொண்ணு இருந்தா. பேரு வேதா.”

“ஹூம்.”

“கைக்குழந்தைக்காரி. ஆத்துக்காரர் மஞ்சள் மண்டி வெச்சிருக்கார்.”

“ஹூம்.”

“அவளுக்கு ஒருநாள் பொறந்தாத்துலேர்ந்து டெலிபோன் வந்தது, உடனே கெளம்பி ரயிலேறி வான்னு.”

ஹூம் வரவில்லை. “குண்டலுபேட்டையில ரயில் ஏது?” என்றார். “இன்னிக்கு வரைக்கும் அங்கே தண்டவாளமே கெடையாது, கனகா.”

ரயில்வேக்காரரிடம் கதை சொன்னால் இதுதான் வம்பு. “சரி, மைசூர்லயே இருக்கட்டும் அவ.”

“ஹூம். ஆனா மைசூர்ல இருந்துண்டு மஞ்சள் மண்டி குண்டலுபேட்டையில வெச்சிருக்கானா? தெனம் போய் வரானா? ஸ்வல்ப யோசிச்சுச் சொல்லு.”

“அவனும் மைசூர்தான். வேற வேலை.”

“என்ன வேலை?”

எழுதும்போது இப்படியெல்லாம் யாரும் கேட்பதில்லை. நான் வைத்ததுதான் சட்டம். சொல்லும்போது அந்த ஹூம் ஒரு கயிறு மாதிரி இழுத்தது. இழுக்கிற பக்கம் கதை போனது. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் வேதாவை யாதவகிரிக்குப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தது. எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே திரும்பியிருக்கலாம். அவனை ஒரு ஹோட்டல் கிளார்க் ஆக்கியிருந்தால் போதும், கதை வேறு பக்கம் ஓடியிருக்கும். டீப்பாய் மேல் பைண்டு வால்யூம் இருந்தது. அடையாளத்துக்கு வைத்த தீப்பெட்டி அட்டை இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தது. அவர் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அந்த வரியைக் கண்டுபிடிக்கப் போகிறார். அதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று தோன்றியது.

“ரயில்வேல வேலை,” என்றேன்.

“ஹூம்.”

“அவ அப்பாவுக்குப் பேச்சு நின்னுடுத்துன்னு தகவல். சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. அவ பையில ரெண்டு புடவையைத் திணிச்சுண்டு, குழந்தையைத் தோள்ல போட்டுண்டு வாசல்லயே நிக்கறா.”

“ஹூம்.” சத்தம் குறைந்திருந்தது. நான் தவலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அவன் வந்தான். விஷயத்தைச் சொன்னா. அவன் சொன்னான், நாளைக்குப் பாஸ் எழுதி வாங்கிண்டு போலாம்னு.”

ஹூம் இல்லை. பருப்பு தண்ணீரில் விழுகிற சத்தமும் நின்றுவிட்டது. நான் பிதுக்குவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

“அவன் ஏன் அப்படிச் சொன்னான்?” என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அதுதான் எனக்குத் தெரியலை. நீங்கோ சொல்லுங்கோ.”

அவர் ஒரு கொட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“அவனுக்குத் தோணலை.”

“என்ன தோணலை?”

“டிக்கெட் வாங்கலாம்னு தோணலை, கனகா. அப்பா காலத்துலேர்ந்து எங்காத்துல யாரும் டிக்கெட் வாங்கினதில்லை. டிக்கெட் வாங்கறவா வேற, நாம வேறன்னுதான் மனசுல. ரயில்னா பாஸ், பாஸ்னா கிளார்க், கிளார்க் ஆத்துக்குப் போயாச்சு, காலம்பற மொதல் வேலையா எழுதிக்கலாம். புத்தி அதுக்கு மேல போகலை. உங்கப்பாவுக்கு நேரம் இருக்குன்னு நெனச்சேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்லை.”

இத்தனை வருஷமாக நான் அவருக்கு எத்தனை காரணம் கற்பித்திருக்கிறேன்! கஞ்சத்தனம், மாமனார் மேல் பொறாமை, என் மேல் அலட்சியம். கதையில் ஒரு பக்கம் முழுக்க சேஷாத்ரியின் மனசுக்குள் புகுந்து எழுதியிருக்கிறேன். பரிசுக் குழுவில் அதைத்தான் விசேஷமாகப் பாராட்டினார்கள். அந்த மனசுக்குள் இருந்ததெல்லாம் ஒரு கிளார்க்கும், பூட்டிய ஆபீஸும்தான்.

“நான் அவனைக் கஞ்சன்னு எழுதியிருக்கேன்,” என்றேன்.

“எதுல?”

“பரிசு வாங்கினதுல.”

அவர் திரும்பி வால்யூமைப் பார்த்தார். “ஹௌதா?” என்றார். அப்புறம், “நான் கஞ்சன் இல்லியே,” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த மூன்று வார்த்தையும் குழந்தை சொல்வது மாதிரி இருந்தது. “இல்லை,” என்றேன்.

“நீ என்னைக் கேட்டிருக்கலாம்.”

“நீங்கோ சொல்லியிருக்கலாம்.”

இரண்டும் நியாயம்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பிதுக்கினோம்.

“அன்னிக்கு ஸ்ரீரங்கத்துல நான் உள்ள வரவே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகமில்லை. அப்பாவின் முகம் ஞாபகமிருக்கிறது, அம்மா என்னைப் பார்த்ததும் போட்ட சத்தம் ஞாபகமிருக்கிறது. இவர் எங்கே இருந்தார் என்று அன்றைக்கும் நான் பார்க்கவில்லை, கதையிலும் எழுதவில்லை. என் கதை ரயில் ஏறும் இடத்தோடு முடிந்துவிடும்.

“வாசல்ல உங்கப்பா செருப்பு இருந்தது. ஒண்ணு நேரா, ஒண்ணு திரும்பிண்டு. யாரும் எடுத்து வெக்கலை. நான் அதையே பாத்துண்டு நின்னேன். உள்ள வந்தா உன் மூஞ்சியைப் பாக்கணும். தைரியம் வரலை.” தவலைத் தண்ணீரில் கையை அலசிக்கொண்டார். “அதுக்கப்புறம் உன்னைப் பாஸ்ல எங்கேயாவது கூட்டிண்டு போயிருக்கேனா, சொல்லு.”

“போகாமே? திருப்பதி போனோம். பிரதிபாவைக் காலேஜுல சேக்கப் போனோம். வருஷா வருஷம் அப்பா திதிக்கு...”

“எல்லாம் டிக்கெட்.”

“என்னது?”

“எல்லாத்துக்கும் டிக்கெட் வாங்கினேன். ஒர்க்‌ஷாப்ல சிரிப்பா, ரயில்வேக்காரன் காசு குடுத்து ரயில்ல போறான்னு. பாஸெல்லாம் சும்னே வீணாப் போச்சு.”

பக்கத்து வீட்டுக்காரி புருவம் தூக்கினால் அதில் ஒரு கதை எடுப்பேன் நான். பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் கழுத்துச் சங்கிலியை வைத்து அவள் குடும்பத்தையே சொல்வேன். ரயிலில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த மனிதர் டிக்கெட் பரிசோதகரிடம் சட்டைப்பையிலிருந்து என்ன எடுத்துக் காட்டினார் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவை பார்க்கவில்லை. ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்துவிடுவார். நான் வெளியே பார்த்துக்கொண்டு கதை யோசிப்பேன்.

“ஏன் சொல்லலை?”

“என்னன்னு சொல்றது? சொன்னா அன்னிக்கு நடந்ததைப் பேசணும். நீயா கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கலை. மறந்துட்டே போல இருக்குன்னு விட்டுட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்காக அழுது தீர்த்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். இது அதுவும்தான், இன்னும் வேறு ஏதோவும்தான். கண்ணைத் துடைக்கக் கூட முடியவில்லை, கையெல்லாம் அவரைக்காய்த் தோல். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தவலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இதுல விழப் போறது. அப்புறம் ஹுளிக்கு உப்பு ஜாஸ்தியாயிடும்.”

அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் இரண்டு பேருக்கும் தம்ளரில் சாய்த்து வைத்த போன் கண்ணில் பட்டது. சிவப்புப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

“இதெல்லாமும் அதுல ஏறியிருக்கா?”

“ஏறியிருக்கு. அழிச்சுடட்டுமா?”

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதை எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் நிஜமாகவே அழித்துவிடுவதாக இருந்தேன். எழுத்து அதோடு போனாலும் போகட்டும் என்று இருந்தேன்.

“எழுது,” என்றார். “இப்போ சொன்ன மாதிரியே எழுது. அவன் கேக்கறான், அவ சொல்றா, அவன் சொல்றான். நன்னாயிருக்கு.”

“யாருக்கும் தெரியாதபடி பேரை மாத்திடறேன். ராமானுஜம்னு வெக்கட்டுமா? இல்லேன்னா பழையபடி வரதன்?”

“ஒண்ணும் வேண்டாம், கிச்சான்னே வை,” என்றார். “நான் எழுத்துக்கூட்டிப் படிக்கறவன். வேற எவனோன்னு நெனச்சுண்டு தாண்டிப் போயிடப் போறேன்.”